குடிசை தந்த தீர்ப்பு

மலை ஏறினால் மனக்குறை தீரும் என்பர் பக்தர். அருவியாடினால் உடற்குறை தீரும் என்பர் பயணிகள். பண்பொழிக்கு இவ்விரு பேறும் உண்டு. ஊரை ஒட்டித் திருமலைக் குமாரசாமி கோயிலின் குன்று. பேருந்தேறினால் சிறுபொழுதில் குற்றாலத்து அருவி. ஆனியும் ஆடியும் சாரலைக் கொண்டுவந்து கொட்டும்போது, மூலிகை தழுவி வரும் காற்று, மூலிகை தழுவி வரும் நீர், இவை தீண்டிய உடலில் நோய் எங்ஙனம் நிற்கும் என்று பேசுவார் பேச்சு எங்கும் கேட்கும். அருவியாடல் இன்பம் தரும். அதை மறுப்பவன் குற்றாலத்தைக் காணாதவனாகத்தான் இருக்க வேண்டும். ஆனால், இன்பம் தருவதெல்லாம் மருந்தாகிவிடுமா?

ஆகாது என்று காட்ட ஏடுகளைப் புரட்ட வேண்டுவதில்லை. அந்தக் காற்றையே பிறந்த நாள்தொட்டு மூச்சாக இழுப்பவர்கள், அடவிநயினார் அணைநீர் பாயும் வயலில் நாற்று நடுபவர்கள், திண்ணையில் முறத்தை மடியிலிட்டுப் பீடி சுற்றுபவர்கள், அவர்களும் இருமுகிறார்கள். அவர்களுக்கும் மாலைக் காய்ச்சல் காய்கிறது. அவர்களும் என்புருக்கியால் இளைக்கிறார்கள். காற்றுக்குக் காக்கும் ஆற்றல் இருக்குமானால், முதலில் அவர்களையன்றோ அது காத்திடல் வேண்டும்!

பாமரர் பேச்சு இது என்று புறந்தள்ளிவிட்டுப் போவது எளிது. போகவிடாமல் வரலாறு குறுக்கே நிற்கிறது. இதே பேச்சைப் பட்டம் பெற்ற மருத்துவப் பெருமக்கள், ஐரோப்பாவிலே, ஏறத்தாழ நூறாண்டுகள் பேசினர். சுவிட்சர்லாந்தின் தாவோஸ் மலையிலே மாளிகை எழுப்பி, காசநோயாளிகளைக் கட்டிலில் கிடத்தி, மலைக்காற்றும் ஓய்வும் பாலும் முட்டையும் தந்தால் நோய் நீங்கும் என்றனர். 1882இல் இராபர்ட் கோக் என்னும் செருமானியர் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டு உலகுக்குக் காட்டினார். காட்டிய பின்னும் மாளிகைகள் பெருகினவேயன்றிக் குறையவில்லை. அந்த மரபிலே, சென்னைக்கருகில், 1928இல் டாக்டர் சௌரி முத்து நிறுவியதே தாம்பரம் சானடோரியம். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்றும் அங்குள்ள இரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை அக்கால நம்பிக்கையைத் தாங்கி நிற்கிறது.

கையில் மருந்தில்லாத நாளில் அந்த மருத்துவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும்? அதற்காக அவர்களை நாம் பழிக்கவில்லை. மருந்து பிறந்த பிறகும், கட்டிலின்றி மருந்து பலிக்காது என்று அவர்கள் வழிவந்தோர் பிடித்த பிடிவாதமே நம் வழக்கு. அந்தப் பிடிவாதத்தின் விலையைச் செலுத்தியவன் ஏழை. இந்தியாவில் நோயாளிகள் இலட்சோபலட்சம். கட்டில்களோ சில ஆயிரம். செங்கோட்டைப் பக்கத்துக் கூலிக்காரன் ஒருவன் தாம்பரத்துக்கோ பெருந்துறைக்கோ போய்ச் சேர்ந்து, இடம் கிடைக்கக் காத்திருந்து, ஓராண்டு படுத்தெழுந்து வருவதற்குள் அவன் பிள்ளைகள் என்னாவார்கள்? காற்றும் ஓய்வும் பாலும் முட்டையும்தான் மருந்து என்றால், ஏழைக்கு மருந்தில்லை என்பதே அதன் தமிழாக்கம்.

நெல்லைச் சீமையின் எழுத்துவேந்தர் புதுமைப்பித்தன், 1948 ஜூன் 30ஆம் நாள், 42 வயதில், திருவனந்தபுரத்தில் இந்நோய்க்கே இரையானார். அதே ஆண்டு அக்டோபர் திங்களில் இலண்டனிலே ஒரு மருத்துவ ஏடு ஓர் ஆய்வின் முடிவை அச்சிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் புதுமருந்து காசநோயைத் தீர்க்குமா என்பது கேள்வி. மருந்தோ கைப்பிடி அளவு, கேட்போரோ கணக்கற்றோர். யாருக்குக் கொடுப்பது? பணம் படைத்தவருக்கா, பதவி வகிப்பவருக்கா, மருத்துவரின் மைத்துனருக்கா? சீட்டுக் குலுக்குவதென்று முடிவு செய்தனர். 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்து கிட்டியது. 52 பேர் அந்நாள் வழக்கப்படி படுக்கை ஓய்வில் இருந்தனர். ஆறு திங்களில், மருந்துண்டோரில் மாண்டவர் 4 பேர். ஓய்வெடுத்தோரில் மாண்டவர் 14 பேர். வாதமில்லை, வழக்கில்லை, எண்கள் பேசின.

இந்தச் சீட்டைப் பற்றிச் சற்று நின்று சிந்திப்போம். நம் நாட்டில் சீட்டுக்குப் புதுமையில்லை. பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா, நோயாளியை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லலாமா என்று சந்நிதியிலே பூக்கட்டிப் பார்ப்போர் இன்றும் இருக்கின்றனர். ஒன்றில் வெள்ளைப்பூ, மற்றொன்றில் சிவப்புப்பூ. குழந்தையின் கை எதை எடுக்கிறதோ அது திருவுளம். அங்கே சீட்டு, விடை சொல்லும் தெய்வம். ஆய்வாளன் கையில் உள்ள சீட்டு எந்த விடையும் சொல்வதில்லை. விடை சொல்ல வருபவனின் ஓரவஞ்சனையை வாயிலிலேயே தடுத்து நிறுத்துகிறது. அவ்வளவே அதன் வேலை. நல்ல உடற்கட்டுள்ளவர்களையெல்லாம் தன் மருந்தின் பக்கம் சேர்த்துக்கொண்டு, "பார், என் மருந்தின் மகிமையை!" என்று மார்தட்ட எந்த மேதைக்கும் அது இடம் தராது. பூக்கட்டுக்கு இது உறவில்லை. உத்திரமேரூர்க் குடவோலைக்கு வேண்டுமானால் உறவென்று சொல்லலாம். (அந்தச் சபையில் நிலமும் வேதப் படிப்பும் உடையோர்க்கே இடமிருந்தது என்பதை மறைத்துவிட்டு, குடியாட்சியின் கோபுரமென்று அதைக் கொண்டாடுவோரோடு நமக்குத் தனி வழக்குண்டு. எனினும், வேண்டியவன் வேண்டாதவன் பார்க்காத சீட்டு என்னும் கருத்துச் செம்மையானது.)

இனி நம் ஊர்க் கதை. செங்கோட்டை தாய்த்தமிழகத்தோடு இணைந்த அதே 1956இல், காமராசர் முதலமைச்சராயிருந்த நாளில், சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு நிலையம் ஒன்று தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நால்வரும் கூடி அமைத்த நிலையம் அது. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் தலைமை ஏற்றார். கேள்வி நேரானது: கட்டில் வேண்டுமா, வேண்டாமா?

சென்னை நகரின் ஏழை எளியோரில் 193 பேர் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டனர். சீட்டு அவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு சாரார் தாம்பரத்துக்கும் மதனப்பள்ளிக்கும் அனுப்பப்பட்டுக் கட்டில், காற்று, கனிந்த உணவு எல்லாம் பெற்றனர். மறு சாரார் தங்கள் குடிசைகளுக்கே திரும்பினர்: புகை மண்டிய அடுப்பு, ஒரே அறையில் அறுவர் எழுவர், அரைவயிற்றுக் கஞ்சி. மருந்து இரு சாராருக்கும் ஒன்றே: ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்னும் இரண்டும், ஓராண்டுக் காலம். ஏழைக்கு ஒழுங்கு ஏது, மருந்தை ஒழுங்காக விழுங்குவானா என்று ஏளனம் பேசியோர் இருந்தனர். அறிவிக்காமல் வீடு சென்று மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் அந்த ஐயத்தையும் ஆய்வாளர்கள் அளந்தே பார்த்தனர். விழுங்காமல் விட்டவர்கள் இருந்தனர் என்பதை மறைக்கவுமில்லை. கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறை பின்னர் இந்தச் சென்னை நிலையத்திலேதான் உருவாகி உலகுக்குச் சென்றது.

1959இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டு முடிவில், கிருமி அடங்கியோர் மாளிகையில் நூற்றுக்கு 92. குடிசையில் நூற்றுக்கு 86. இத்தகைய சிறு தொகையில் இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது என்று கணக்கியல் கூறிற்று. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது இரு சாராரும் தோளோடு தோள் நின்றனர். குடிசையிலே நோயாளியோடு உண்டு உறங்கிய மனைவி மக்களுக்காவது நோய் மிகுதியாகத் தொற்றியதா? அதுவும் இல்லை. தொற்ற வேண்டியது, நோய் இன்னதென்று தெரியுமுன்னரே தொற்றிவிடுகிறது. மருந்து உள்ளே சென்றபின் தொற்றும் ஆற்றல் விரைந்து குன்றுகிறது. நூறாண்டுக் கோட்பாடு ஒன்று, சென்னைக் குடிசைகளின் வாயிலில், ஆரவாரமின்றிச் சரிந்தது. இந்தியாவின் 1962ஆம் ஆண்டுக் காசநோய்த் திட்டம் வீட்டு மருத்துவத்தின் மீதே எழுந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன.

இங்கே ஒரு நல்ல மனத்தர் எழுந்து கேட்கிறார்: "மனித உயிரைச் சீட்டில் வைத்து ஆடுவது அறமாகுமா? இவனுக்குக் கட்டில், அவனுக்குக் குடிசை என்று குலுக்கிப் போட நீங்கள் யார்? எலியிலும் முயலிலும் செய்ய வேண்டியதை ஏழையிடம் செய்கிறீர்களே!" கேள்வி கனிந்த நெஞ்சிலிருந்து வருகிறது. ஆகவே வெறுங்கையை வீசி அதை விரட்டிவிட முடியாது.

எது நல்லதென்று தெரிந்திருந்தும் அதை ஒருவனுக்குக் கொடாமல் வைத்துச் சோதிப்பது கொடுமை. இதில் இரு கருத்தில்லை. ஆனால் எது நல்லதென்று உண்மையிலேயே தெரியாதபோது? அப்போதும் மருத்துவர் ஏதோ ஒன்றைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அதுவும் சோதனையே, எண்ணிக்கை வைக்காத சோதனை, முடிவு எழுதாத சோதனை, யாரிடமும் ஒப்புதல் கேட்காத சோதனை. நூறாண்டுகள் கட்டிலில் கிடத்தினார்களே, அது நாடு தழுவிய ஒரு பெருஞ்சோதனையன்றி வேறென்ன? அதற்கு ஏடில்லை, எத்தனை பேர் எழுந்தார்கள், எத்தனை பேர் எழவே இல்லை என்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு சீட்டெடுப்பவன், தெரிந்தது போல நடித்து மருந்து கொடுப்பவனைவிட ஒழுக்கத்தில் ஒருபடி உயர்ந்தே நிற்கிறான். சேத்துப்பட்டிலோ, இரு சாராரும் அந்நாளில் கிடைத்த நல்ல மருந்தைக் குறைவறப் பெற்றனர். ஐயத்துக்குரியது கட்டில் ஒன்றே. அங்கே சீட்டு நியாயமாக இருந்தது.

அந்த நியாயம் எங்கும் செல்லும் நாணயமன்று. அமெரிக்காவின் அலபாமாவில், டஸ்கீகி என்னுமிடத்தில், 1932இல் தொடங்கி 1972 வரை நாற்பதாண்டுகள், மேகநோய் கண்ட ஏறத்தாழ 400 கறுப்பின ஆடவரை, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காக, மருத்துவமின்றி விட்டுவைத்தனர். பென்சிலின் இந்நோயைத் தீர்க்கும் என்பது 1940களிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பின்னும் கொடுக்கவில்லை. நோய் இன்னதென்று அவர்களிடம் சொல்லவுமில்லை. அது ஆய்வன்று, நிறவெறி வெள்ளை அங்கி அணிந்து வந்து எடுத்த குறிப்பு. பிறப்பால் தாழ்ந்தவன் என்று ஒருவனை முடிவு கட்டிவிட்டால், அவன் உடலைப் பொருளாகக் கருதுவதற்கு அடுத்த படி வெகு தொலைவில் இல்லை. சாதியின் கொடுமையை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியா?

எளிதில் தீர்ப்புக் கூற முடியாத வழக்கு ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு, கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய ஆய்வு ஒன்று தொடங்கியது. அசெட்டிக் அமிலத்தை நீர்த்துக் கருப்பைவாயில் தடவி, வெண்மை படர்கிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்ப்பது. படர்ந்தால் மேற்சோதனை, மருத்துவம். விலையுயர்ந்த கருவி வேண்டாத எளிய முறை. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை ஊராட்சிவாரியாகச் சீட்டிட்டுப் பிரித்தனர். ஏறத்தாழ 49,000 பெண்கள் உள்ள ஊர்களில் சோதனை. ஏறத்தாழ 31,000 பெண்கள் உள்ள ஊர்களில் வழக்கமான கவனிப்பு மட்டும். 2007இல் வெளிவந்த முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் ஏற்படும் இறப்பு நூற்றுக்கு 35 குறைந்திருந்தது. பெரும் நன்மை, மறுப்பாரில்லை. ஆனால், "வழக்கமான கவனிப்பு" என்பதன் பொருள் என்ன? கவனிப்பே இல்லாமை! கருப்பைவாயைச் சோதித்து நோயை முன்கூட்டிக் காணலாம் என்பது மேலைநாடுகளில் பல்லாண்டுகளுக்கு முன்பே நிலைபெற்ற செய்தியாயிற்றே என்று குறை கூறினர் சிலர். இந்தியச் சிற்றூர்களில் எந்தச் சோதனையும் இல்லையே, இல்லாததை எப்படிப் பறித்தோம் என்று விடை கூறினர் ஆய்வு செய்தோர்.

இரு பக்கமும் எடைபோட்டுப் பார்த்தால், நம் மனம் குறை கூறியோர் பக்கமே சாய்கிறது. சிற்றூரில் எதுவும் இல்லை என்பது உண்மை. அந்த இல்லாமை என்ன, மழை பொய்ப்பது போல இயற்கை செய்ததா? ஆட்சிகள் செய்தது, அலட்சியம் செய்தது, பெண்ணின் நோவு வீட்டுக்குள் அடங்கிப்போக வேண்டும் என்ற வழக்கம் செய்தது. ஒருவர் செய்த புறக்கணிப்பு மற்றவருக்கு அனுமதிச் சீட்டாகிவிடலாமா? சோதனை முறைகளுள் எது சிறந்தது என்று கேட்டிருந்தால் எல்லா ஊர்ப் பெண்களுக்கும் ஏதேனும் ஒன்று கிடைத்திருக்கும். எனினும், அந்த ஆய்வை நடத்தியோரை டஸ்கீகிக்காரர்களோடு ஒரே கூண்டில் நிறுத்துவது பேதைமை. அவர்கள் மறைக்கவில்லை, மருந்தைப் பூட்டி வைக்கவில்லை, கண்டதைக் காலத்தில் வெளியிட்டனர். பின்னாளில் தமிழக அரசு இதே சோதனையை மாநிலமெங்கும் கொண்டுசென்றது. சோதனை கிட்டாத ஊர்ப் பெண்களுக்கு நாடு நன்றிக்கடன் மட்டும் பட்டிருக்கவில்லை. நேரான கடனே பட்டிருக்கிறது.

செங்கற்பட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்வோம். 1968 முதல், இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களிடம், பி.சி.ஜி. ஊசி காசநோயைத் தடுக்குமா என்று பார்த்தனர். தடுக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். வயது வந்தோரின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்பது முடிவு. பதினைந்தாண்டு தொடர்ந்து பார்த்தும் அதே முடிவு. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசத்தைத் தடுப்பதால் பிறந்தவுடன் போடும் ஊசியாக அது இன்றும் நிலைத்திருக்கிறது. வெற்றிமாலை கிடைக்கும் என்று காத்திருந்த நாட்டில், "இல்லை" என்ற சொல்லை அச்சிட்டார்களே, அந்தத் துணிவு பெரிது. எந்தச் சாமியாராவது தன் விபூதி பலிக்கவில்லை என்று அறிக்கை விட்டதாகக் கேட்டதுண்டா?

இவ்வளவு உண்மைகளும் எங்கே எழுதப்பட்டன? ஆங்கில ஏடுகளில். யார் உடலில் எழுதப்பட்டன? தமிழர் உடலில். சேத்துப்பட்டின் 193 பேரில் ஒருவரேனும் 1959ஆம் ஆண்டு அறிக்கையைப் படித்திருப்பாரா? ஆய்வில் சேருவோரிடம் அவர்க்குப் புரியும் மொழியிலேயே விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை வற்புறுத்துகிறது. நன்று. ஆனால், ஒப்புதல் கேட்கும்போது தமிழ் பேசிய வாய், முடிவு சொல்லும்போது ஏன் ஊமையாக வேண்டும்? கையெழுத்து வாங்குவதற்குத் தாய்மொழி, காரணம் சொல்வதற்கு வேற்றுமொழி என்பது கோயிலுக்குள் நடப்பதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்து நடத்துவதாகும். அங்கே காணிக்கை தமிழில் கேட்கப்படுகிறது. மந்திரம் வடமொழியில் ஓதப்படுகிறது. நடேசனாரும் டி.எம். நாயரும் மருத்துவர்களாக இருந்தே நம் இயக்கத்துக்கு வித்திட்டவர்கள். மக்களிடம் சென்று மக்கள் மொழியில் காரணம் சொல்வது அந்த மரபுக்குப் புதிதன்று. பண்பொழியில் மருந்துப் பொட்டலத்தைக் கையில் வாங்கும் மூதாட்டி, "இதை ஏன் ஆறு மாசம் திங்கணும்? இருமல்தான் நின்னு போச்சே!" என்று கேட்டால், அதட்டலன்று அதற்கு விடை, சேத்துப்பட்டில் தொடங்கிய கதையைப் பத்து நிமிடத்தில் சொல்வதே விடை.

மொழி தவறினால் உண்மை மக்களை அடைவதில்லை. ஆனால் ஆட்சியாளரை அடைந்த உண்மைக்கும் ஓர் ஆபத்து உண்டு. தமக்குப் பிடித்த பாதியை மட்டும் அவர்கள் கேட்டுக்கொள்வர்.

சேத்துப்பட்டு ஆய்வாளர் உணவையும் அளந்திருந்தனர். குடிசையில் இருந்தோரின் உணவு மிகவும் தாழ்ந்தது. மாளிகையில் இருந்தோர் எடை கூடினர். ஆயினும் கிருமி இரு சாராரிடமும் ஒருபடியாகவே அடங்கியது. மருந்தை ஓராண்டு முறையாக உட்கொண்டால் எளிய உணவு உண்பவனுக்கும் கிருமி அடங்கும் என்பதே அதற்குப் பொருள். ஏழைக்கும் நம்பிக்கை தந்த செய்தி அது. அதைக் கேட்டவர்கள் எப்படிக் கேட்டனர்? "உணவு முக்கியமில்லை!" கட்டில் செலவு மிச்சம், அதோடு கஞ்சிச் செலவும் மிச்சம்! இந்நோய் யாரைத் தேடி வருகிறது, குணமானவன் மீண்டும் மண்வெட்டி பிடிக்கிறானா, அவன் வீட்டில் உண்டு உறங்கும் குழந்தைகள் நாளை என்னாவார்கள் என்பவற்றை அந்த ஆய்வு கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குக் கிடைக்காத விடையை, "இல்லை" என்ற விடையாக எழுதிக்கொண்டு, அறுபதாண்டுகள் மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் 2019இல் ஜார்க்கண்டு மாநிலத்துக்குச் சென்றனர். மருத்துவர் அனுராக் பார்கவா தலைமையில், நான்கு மாவட்டங்களில், 2,800 நோயாளிகளையும் அவர்கள் வீட்டார் 10,345 பேரையும் ஆய்வு தொடர்ந்தது. சேத்துப்பட்டு நிலையத்தின் வாரிசாக இன்று விளங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்கு கொண்டது. ஆய்வின் அமைப்பிலே அறம் வேலை செய்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். நோயாளிகளில் இரு சாராருக்கும் உணவுப் பை கொடுத்துவிட்டனர். எலும்பும் தோலுமாக வருபவனிடம் சீட்டெடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. வீட்டார் விஷயத்தில்தான் சீட்டு: ஒரு சாராருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரை, மறு சாராருக்கு இவை இல்லை. 2023இல் முடிவு வந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் காண்பது நூற்றுக்கு 39 குறைந்தது. கிருமி உறுதி செய்யப்பட்ட நுரையீரல் காசம் நூற்றுக்கு 48 குறைந்தது. தடுப்பூசி தராத காவலைத் துவரம் பருப்பு தந்தது!

அந்த 2,800 பேரில் ஐவருக்கு நால்வர் எடை குன்றியவர்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை நூற்றுக்கு 5 கூடியவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்து காணப்பட்டது. இது சீட்டெடுத்துக் கண்ட முடிவன்று, எடையும் இறப்பும் சேர்ந்து நடக்கக் கண்ட முடிவு என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை. எடை கூடியதால் பிழைத்தவரும் இருக்கலாம், பிழைக்கப் போகிறவர் என்பதால் எடை கூடியதும் இருக்கலாம். அதற்குமுன், 2022 ஏப்ரலிலேயே, தமிழ்நாடு "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" என ஒன்றைத் தொடங்கியிருந்தது. நோய் கண்டறிந்த நாளிலேயே மூன்று செய்திகள் பார்க்கப்படுகின்றன: உடல் மிக மெலிந்திருக்கிறதா, மூச்சுத் திணறுகிறதா, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா? எளிய கருவிகளே போதும். மிகவும் நலிந்தோரை உடனே மருத்துவமனையில் சேர்க்கின்றனர். எல்லாருக்கும் என்று ஒருகாலத்தில் நம்பிக்கையால் விரிக்கப்பட்ட கட்டில், தேவைப்பட்டவருக்கு என்று இப்போது அளவறிந்து விரிக்கப்படுகிறது.

நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் தரும் திட்டம் 2018 ஏப்ரலில் நடுவணரசால் தொடங்கப்பட்டு, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆயிற்று. நிக்‌ஷய் போஷண் யோஜனா என்பது அதன் பெயர். பண்பொழித் தெருவில் அப்பெயரைச் சொன்னால் ஏதோ வடநாட்டுத் திருவிழா என்றே எண்ணிக்கொள்வர். பெயர் கிடக்கட்டும், பணம் வருகிறது, வரவேற்போம். ஆனால் ஜார்க்கண்டு ஆய்வு கண்டது வீட்டாருக்குத் தந்த உணவின் பயனையன்றோ! அந்த வீட்டாரின் உணவுக்கு வழி? கொடையாளர்கள் முன்வந்து பைகள் வழங்கலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வள்ளல் கிடைத்த வீட்டுக்குப் பருப்பு. கிடைக்காத வீட்டுக்கு வாழ்த்து. ஆய்விலே சீட்டு ஒருமுறை குலுக்கப்பட்டது, உண்மையை அறிவதற்காக. உண்மை தெரிந்த பிறகும் யாருக்குக் கிடைக்கும் என்று குலுக்கிக்கொண்டே இருப்பதற்கு எந்த அறநூலில் இடமிருக்கிறது?

கணக்கும் அவ்வளவு பெரிதன்று. ஆய்வில் வயது வந்த ஒருவருக்கு மாதம் அரிசி 5 கிலோ, பருப்பு ஒன்றரைக் கிலோ. தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் 2011 முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது; ஆகவே அரிசிக்கு ஏறக்குறைய வழியிருக்கிறது. துவரம் பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. நோயாளி நீங்கலாக நால்வர் உள்ள வீட்டுக்குத் தேவை 6 கிலோ. கடை தருவது 1 கிலோ. மாதம் குறைவது 5 கிலோ. மருந்துண்ணும் ஆறு மாதத்துக்குக் குறைவது 30 கிலோ. இன்னார் வீட்டில் நோய் என்று ஊருக்கு முரசறையாமல் அதைக் கூட்டிக் கொடுக்க, அட்டை எண்ணில் கணினியிலே ஒரு குறிப்புப் போதும். தராசு கடையிலேயே இருக்கிறது. நிறுத்துக் கொடுக்கும் ஆளும் இருக்கிறார். வரிசையில் நிற்கும் அந்த வீட்டுப் பெண்ணும் மாதந்தோறும் பையோடு அங்கேதான் வருகிறார்.